எந்தக் காலு

பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, கையக் கால ஆட்டக் கூடாதுன்னு ரெஜினா சிஸ்டர் வரிசையாச் சொல்லச் சொல்ல, இதெல்லாம் மகளுக்குச் சொல்றாங்களா இல்ல தனக்குத்தான் சொல்றாங்களான்னு வீரணனுக்குப் பெரிய சந்தேகம் வந்துருச்சு. மக சஷ்டிகா வாயத் தொறந்து பேசியே எத்தன நாளாச்சு. தண்ணி வேணும், போதும், வலிக்குது, அம்புட்டுத்தான் பேச்சு. அந்த வாய்க்கு எதுக்கு இம்புட்டுச் சட்டம். சட்டம் போட வேண்டியது இவன் வாய்க்கு. செல்லூர்ல கறிக்கட, கத்தி ஓஞ்சாலும் ஓயாத வாயி, ஞாயித்துக்கெழம வர்ற கூட்டத்துல பாதி கறிக்கு வருது, மீதி இவன் குடுக்கிற லந்துக்கு வருதுன்னு தெருவே சொல்லும். அப்பேர்ப்பட்ட ஆளப் பிடிச்சு ஜன்னலில்லாத ரூம்புல, சுவத்தோரம் ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஒக்கார வச்சு, தரையில இழுத்திருக்கிற மஞ்சக் கோட்டக் காட்டி, "இதத் தாண்டி வராதீங்க, பாப்பா ஒடம்புல இப்ப மருந்து ஓடுது, கிட்டக்க வந்தா உங்களுக்கும் ஆகாது"ன்னாங்க. கோட்டுக்கு அங்கிட்டு கட்டில், கட்டில்ல ரெண்டு கம்பளி, கம்பளிக்குள்ள மக, வெளிய தெரியிறது குல்லாவும் மூஞ்சியும் மட்டுந்தான், அந்த மூஞ்சியும் மாத்திர தின்னு தின்னு பன்னு மாதிரி உப்பிக் கெடக்கு. "ஊசில போட்டது ஒரு மாதிரி சக்கரத்தண்ணிங்க. நோவு இருக்கிற எடம் சக்கரைய அள்ளி அள்ளித் திங்கும், தின்ன எடம் படத்துல வெளிச்சமா எரியும். ஆனா பேசுனா வாயும் திங்கும், ஆட்டுனா காலும் திங்கும், சிரிச்சா வயிறு குலுங்கி அதுவும் திங்கும். அப்புறம் படத்துல எது நோவு எது சிரிப்புன்னு டாக்டர் எப்புடிக் கண்டுபிடிப்பாரு?" சிஸ்டர் கேட்டதுக்கு வீரணன் தலைய மட்டும் ஆட்டுனான். நாக்கு நுனியில நாலு பதில் வந்து நின்னுச்சு. நாலையும் முழுங்குனான். கதவச் சாத்துனாங்க, கதவுக்குள்ள ஈயம் அடச்சிருக்காம், சாத்துற சத்தமே பானைக்குள்ள பான விழுந்த மாதிரி தொம்முன்னு இருக்கு.

தவமணி இருந்திருக்க வேண்டிய எடம் இது. அவ ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்த பேசுற பொம்பள, அதுலயும் மூணு வார்த்த "ஏன், என்ன, சரி." அவள ஒக்கார வச்சிருந்தா இந்தச் சேர்ல சேரோட சேரா ஒட்டிப் போயிருப்பா. ஆனா வயித்துப்புள்ளக்காரி, வாசல்லயே நிறுத்திட்டாங்க, மாசமா இருக்கிறவங்க இந்தப் படிக்குக் கீழயே எறங்கக் கூடாதாம். படிக்கு மேல பெஞ்சுல ஒக்காந்திருக்கா இப்ப, ரெண்டு கையவும் வயித்து மேல வச்சுக்கிட்டு, ஒரு புள்ள உள்ள, ஒரு புள்ள கீழ. போகையில இவன் சட்டையப் பிடிச்சு இழுத்து, "அந்த வாய வச்சுக்கிட்டு சும்மா இருப்பியா"ன்னா. இருப்பேன்டின்னான். "அவளச் சிரிக்க வச்சுராத." சிரிக்க வச்சுராதயாம். சிரிக்க வைக்கத்தான நாய்ப் பாடு பட்டுக்கிட்டு இருக்கேன் இத்தன நாளா. அவ சிரிச்சுட்டா நான் மீனாச்சிக்கு மொட்ட போடுறேன்னு வேண்டியிருக்கேன், மொட்ட போட்டதுக்கப்புறம் மருந்துல முடி கொட்டுன அவ மொட்டையும் என் மொட்டையும் சோடியா நின்னு போட்டா எடுக்கலாம்னு வேற நெனச்சு வச்சிருக்கேன். ஏசி சில்லுன்னு அடிக்குது. மூலையில ஒரு காமிரா, செவப்பா ஒரு பொட்டு வெளிச்சம், அதுக்குக் கீழ ஒரு ஒலிபெருக்கி, கோயில் திருவிழாவுல கட்டுற கொழாயி குட்டி போட்ட மாதிரி. இதச் சொன்னா அவ சிரிப்பாளா. முன்னாடின்னா சிரிச்சிருப்பா. முன்னாடின்னா அவளே அதவிட நல்லதா ஒண்ணு சொல்லியிருப்பா.

முன்னாடி. அந்த வார்த்தையத் தொட்டா மனசு அங்கயே போயி ஒக்காந்துக்குது, எழுப்பிவிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம கடையில கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி முக்காலி போட்டு ஏறி நிப்பா, மூணாப்புப் படிக்கிற பொடுசு, பாவாடயத் தூக்கிச் செருகிக்கிட்டு, அவதான் மொதலாளியம்மா, இவன் வேலக்காரன். யாரு ஆரம்பிச்சு வச்ச வெளயாட்டுன்னு ஞாபகமில்ல. "யோவ் வேலக்காரா, என்னய்யா கொழுப்பா வெட்டிப் போடுற, அந்த அம்மா என்ன வெளக்கு ஏத்தவா கேட்டாங்க?" கூட்டமே குலுங்கும். "மன்னிச்சுக்கங்க மொதலாளியம்மா, ஆடு கொஞ்சம் வசதியான ஆடு." "வசதியெல்லாம் அது வீட்ல வச்சுக்கட்டும். எலும்பக் கொற." "ஆடு எலும்பில்லாம நடந்து வந்துச்சுன்னா நானும் எலும்பில்லாமத் தரலாம் மொதலாளியம்மா, இது தெருவுல நாலு காலுல நடந்து வந்த ஆடு." அப்பத்தான் அவ சிரிப்பா. அந்தச் சிரிப்பு ஒரே தடவையில வராது, பாலு பொங்குற மாதிரி படிப்படியா வரும். மொதல்ல ஒதட்ட உள்ளுக்கு மடிப்பா, அப்புறம் மூக்கு வெடைக்கும், அப்புறம் தோளு ரெண்டும் ஆடும், குக்கர்ல விசிலுக்கு முன்னாடி குண்டு ஆடுமே அந்த மாதிரி, அதுக்கப்புறந்தான் ஒரு விக்கல், விக்கலுக்குப் பின்னால ஹீன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான், அதுக்கு மேல அவளப் பிடிக்க ஏலாது, முக்காலியப் பிடிச்சுக்கணும். அந்த விக்கலக் கேட்கிறதுக்காகவே ஒரு மனுசன் கறிக்கட வைக்கலாம். எலும்பில்லாம நடந்து வந்துச்சுன்னா. ச்சே. அந்த வார்த்தைய இப்ப ஏன் நெனச்ச. எலும்பு எலும்புன்னு வாரத்துக்கு எத்தன தடவ சொல்லியிருப்பான் இந்த வாயால, எது காதுல விழுந்துச்சோ, எந்தச் சாமி தூங்காம முழிச்சுக்கிட்டு இருந்துச்சோ.

நல்லி எலும்பு வீட்டுல எப்பவும் அவளுக்குத்தான். நல்லியில பங்கே கெடையாது, அதுல ஒரு சட்டம் வச்சிருந்தா, அவளாத் தட்டுல டொக்கு டொக்குன்னு மூணு தட்டு தட்டுவா, உள்ள இருக்கிறது வழுக்கிக்கிட்டு வந்து விழுந்தா அவளுக்கு, விழாட்டி ஒறிஞ்சுறுவா, அதும் அவளுக்கு. எப்புடியும் அவளுக்கு. பெரிய டாக்டரு மஜ்ஜ மஜ்ஜன்னு சொல்லிக்கிட்டே இருந்தப்ப இவன் வெளங்காம முழிச்சான், அப்புறம் அவரு எலும்புக்குள்ள கொழகொழன்னு இருக்குமேன்னு கையால காட்டுனாரு, அட நல்லி. நல்லியத்தான் இம்புட்டு நேரமாச் சொல்றாரு. இடுப்பெலும்புல ஊசி போட்டு நல்லிய எடுத்து சோதன பண்ணாங்க, அது சுத்தமா இருக்குன்னுட்டாங்க, அன்னைக்கு ஒரு நாளு நிம்மதி. அடுத்த நாளு படத்தக் காட்டுனாங்க. கருப்பா ஒரு சின்ன ஒடம்பு, அது தன் மகதான்னு நம்பவே முடியல, கழுத்துல வரிசையா வெளிச்சம், சித்திரத் திருவிழாவுல தெருவுக்குக் கட்டுற சீரியல் பல்பு மாதிரி. முதுகெலும்புல ஒரு மணி தனியா எரியுது. எடது காலுல முட்டிக்குக் கீழ நீட்டமா ஒரு வெளிச்சம். "கழலையில ஆரம்பிச்ச கேன்சருங்க, லிம்போமான்னு பேரு. சில புள்ளைகளுக்கு எலும்புக்கும் போகும், இவளுக்குப் போயிருக்கு. ஆனா மருந்துக்கு நல்லாக் கேக்கிற நோவு இது." கேக்கிற நோவுன்னதும் இவனுக்குச் சிரிப்பு வந்துச்சு, கேக்கிற நோவாம், என்ன கேக்கும், ஈரலா கொடலா, வந்த சிரிப்ப இருமுற மாதிரி இருமி மறச்சான். இன்னைக்கு எடுக்கப் போற படம் அந்த எலும்பு வெளிச்சம் அணஞ்சுச்சா இல்லையான்னு பாக்கத்தான். அணஞ்சிருந்தா இதே மருந்த முடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். எரிஞ்சுச்சுன்னா வேற பாக்கணும்னாரு. வேறன்னா என்னன்னு தவமணி கேட்டா. டாக்டரு கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. கறி வாங்க வர்றவுங்க காசு இல்லாதப்ப பையத் தொழாவுவாங்கல்ல, அந்த மாதிரி தொடச்சாரு.

எடது காலு. அங்கதான் எல்லாம் சிக்கிக்கிட்டுக் கெடக்கு, எந்தப் பக்கம் சுத்திப் போனாலும் மனசு வந்து அந்த எடது காலுல தடுக்கி விழுகுது. ஆட்டு யாவாரி சோணமுத்துன்னு ஒருத்தரு, வாடிப்பட்டிச் சந்தையில இருந்து வாரத்துக்கு ஒரு தடவ கெடா ஓட்டிட்டு வருவாரு, எந்தக் காலத்துலயோ ஒரு கெடா முட்டி வலது காலு மடங்கிப் போன மனுசன். எடது கைய இடுப்புல குத்திக்கிட்டு, வலது கையில துண்டச் சொழட்டிக்கிட்டு, விந்தி விந்தி வந்து கெடாவக் காட்டிட்டு, நாடிய, அதான் மோவாக்கட்டைய, மேல தூக்கி ஒரு எத்து எத்துவாரு, அதுக்கு "எப்புடி?"ன்னு அர்த்தம். வாயத் தொறக்க மாட்டாரு, வாயில எப்பவும் வெத்தல. சஷ்டிகா அவர அப்புடியே உரிச்சு வச்சுக் காட்டுவா. இடுப்புல கை, துண்டுக்குப் பதிலா தாவணித் துணி, கடைசில அந்த நாடி எத்து. அவருக்கு முன்னாடியே செஞ்சு காட்டுவா, அந்த மனுசன் வெத்தலயத் துப்பிட்டு வந்து சிரிப்பாரு, "என் மகன் கூட என்னைய இம்புட்டு உன்னிப்பாப் பாத்ததில்லடா"ம்பாரு. எங்க குடும்பத்துல இது ஒரு வியாதி, யாரப் பாத்தாலும் செஞ்சு காட்டுறது, வாத்தியார, கண்டக்டர, செத்துப்போன மாமன, எவனும் தப்பிக்க முடியாது. அதனால ஒரு நாளு அவ பள்ளிக்கூடம் விட்டு விந்திக்கிட்டே வந்தப்ப, கடையில இருந்த அம்புட்டுப் பேரும், "ஏ, வந்தாருடா சோணமுத்து!"ன்னாங்க. அவ நின்னு பாத்தா. எல்லாரும் சிரிக்கிறாங்க. வலிக்குதுன்னு சொல்ல வந்திருப்பாளோ. சொல்லல. இடுப்புல கைய வச்சா, நாடிய எத்துனா. சிரிப்பு இன்னும் கூடுச்சு. அம்புட்டுத்தான், வாரக் கணக்கா, காலையில விந்துனாலும் சோணமுத்து, படியேறுனாலும் சோணமுத்து, "மொதலாளியம்மா, இன்னைக்கு கெடா என்ன வெல?"ன்னு இவனே கேட்டான். கேட்டான்ல. வலிய ஒளிச்சு வைக்க அவளுக்கு அதவிட நல்ல எடம் கெடைக்கல, எல்லாரும் பாக்கிற எடத்துல ஒளிச்சு வச்சா. சோணமுத்துதான் கண்டுபிடிச்சாரு. அன்னைக்கு அவ செஞ்சு காட்டுனா, எல்லாரும் சிரிச்சாங்க, அந்த மனுசன் மட்டும் சிரிக்கல. வெத்தலயத் துப்பிட்டு வந்து இவன் பக்கத்துல குத்தவச்சு மெதுவாச் சொன்னாரு. "ஏப்பா வீரணா. எனக்கு வலது காலுப்பா. புள்ள விந்துறது எடது காலு." கத்தி கட்டையில குத்துனது குத்துனபடியே நின்னுச்சு. உன்னிப்பாப் பாக்கிற புள்ள. ஒரு தடவ கூடத் தப்பாச் செய்யாத புள்ள. எந்தக் காலுன்னு பெத்தவன் பாக்கல.

சரி, அத நெனைக்காத. மூஞ்சி மாறுனா அவ கண்டுபிடிச்சிருவா. அவ இப்ப மேல தளத்தப் பாத்துக்கிட்டு இருக்கா, தளத்துல சின்னச் சின்ன ஓட்ட, எண்ணிக்கிட்டு இருப்பா போல. அவளுக்கும் இவனுக்கும் நடுவுல ஆறடி கூட இருக்காது, எட்டுனா அந்தக் குல்லாவ இழுத்துவிடலாம், காதுக்கு மேல ஏறிக் கெடக்கு, குளுரும். மஞ்சக் கோடு. இப்புடி ஒரு கோட்ட எவன் கண்டுபிடிச்சான், பெத்த புள்ள பக்கம் போகாதன்னு ஒரு கோடு. எம்புட்டு செஞ்சு பாத்தாச்சு அந்தச் சிரிப்புக்கு. டாக்டரு கண்ணாடி தொடைக்கிறத செஞ்சு காட்டுனான். சாப்பாட்டு வண்டி தள்ளுற அக்கா குரல்ல, "இட்லி கேட்டா உப்புமா, உப்புமா கேட்டா அதும் உப்புமா"ன்னு கூவிக்கிட்டு வார்டு பூராம் நடந்தான், மத்த கட்டில்ல கெடந்த புள்ளைகள்ளாம் சிரிச்சுச்சு, ஒரு பையன் ட்ரிப்ஸோட எந்திரிச்சு ஒக்காந்தே சிரிச்சான். இவ பாத்தா. பாத்துட்டு, "போதும்ப்பா"ன்னா. மெதுவா. கோவமாக் கூட இல்ல. விருந்தாளிகிட்ட சோறு போதும்னு சொல்ற மாதிரி, மரியாதையா. அதுதான் வெட்டிப் போட்டுச்சு. வேலக்காரான்னு கூப்புட்டுருந்தா, போடா லூசுன்னுருந்தா, எச்சியத் துப்பியிருந்தாக் கூட தாங்கியிருப்பான். அப்பாவாம். போதுமாம். யாருகிட்டக் கத்துக்கிட்டா இந்த மரியாதைய. அந்த மொதலாளியம்மா எங்க போனா, எந்த ஊருக்குப் போனா, பஸ்ஸு கிஸ்ஸு இருந்தாச் சொல்லுங்கய்யா, போயி கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துருறேன், வேலக்காரனுக்குக் கை ஓட மாட்டேங்குது மொதலாளியம்மா, கூட்டம் நிக்கிது, கல்லாவுல ஆளில்ல, வந்துருங்க.

அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. கொர்ர்ர்ர்ர். இவன் திடுக்குன்னு சுத்தும் முத்தும் பாத்தான், ஏசியோ என்னமோன்னு. ஏசி இல்ல. வயிறு. அவ சாப்புடாம வரணும்னு சொல்லியிருந்தாங்க, ராத்திரில இருந்து தண்ணி மட்டுந்தான், புள்ள பட்டினி கெடக்கையில நாம என்னத்தத் திங்கிறதுன்னு இவனும் திங்கல, யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. காலத்துக்கும் கறியும் சோறுமாப் பழகுன வயிறு, இப்ப அது தன் பாட்டுக்குக் கேள்வி கேக்குது. கொர்ர், கொர்ர்ர்ர்ர்க், ஒரு நிறுத்து நிறுத்தி, கடைசில மேலேறி ஒரு ம்மே. ஆட்டுக்குட்டியே தான். அந்த ஈயக் கதவுக்குள்ள அந்தச் சத்தம் மைக்கு செட்டுல விட்ட மாதிரி சுத்திச் சுத்தி வருது. இவன் வயித்த ரெண்டு கையாலயும் அமுக்குனான். அமுக்குனதும் சத்தம் கெளம்பி இன்னொரு பக்கமாப் போச்சு. மெதுவா நிமிந்து மகளப் பாத்தான். அவ தளத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. ஆனா ஒதடு. ஒதட்டக் காணம். உள்ளுக்கு மடிஞ்சு போச்சு.

அடியாத்தீ. வருது. அது வருது. எத்தன மாசம் கும்புட்டுக் கெடந்த சாமி, இன்னைக்குப் போயி, இந்த ரூம்புல போயி, இந்த ஒரு மணி நேரத்துல போயி வருது. வராத தாயி, இப்ப வராத. வா தாயி, எப்பத்தான் வருவ. மூக்கு வெடச்சிருச்சு. ரெண்டாவது படி. இவன் கண்ண இறுக்க மூடுனான், நம்ம மூஞ்சியப் பாத்தா இன்னும் சிரிப்பா, மூஞ்சிய உர்ருன்னு வைப்போம்னு வச்சான், தாசில்தார் மாதிரி, எழவு வீட்டுல மொய் எழுதுறவன் மாதிரி. உர்ருன்னு வச்ச மூஞ்சிக்குக் கீழ வயிறு கொர்ர்ர்ர்ருன்னு தனியாப் பேசுது. தாசில்தார் வயித்துக்குள்ள ஆட்டுக்குட்டி. கம்பளி ஆட ஆரம்பிச்சிருச்சு. தோளு. மூணாவது படி. அடுத்தது விக்கல். அந்த விக்கலு மட்டும் வந்துருச்சுன்னா வயிறு குலுங்கும், குலுங்குன வயிறு சக்கரைய அள்ளித் திங்கும், படத்துல வயிறு பூராம் வெளிச்சம் எரியும், எது நோவு எது சிரிப்புன்னு டாக்டரு எப்புடிக் கண்டுபிடிப்பாரு, கண்ணாடியக் கழத்துவாரு, தொடைப்பாரு, அன்னைக்கும் சிரிச்சு சிரிச்சுத்தான நோவ மூடுனோம், அதே கதை, அதே குடும்பம், மறுக்கா சிரிப்புக்குள்ள நோவு போயி ஒளிஞ்சுக்கிறதா. ஆண்டவா. சிரிப்ப எப்புடி நிறுத்துறது. சிரிக்க வைக்க ஆயிரம் வழி தெரியும் இவனுக்கு, நிறுத்த ஒரு வழி கூடத் தெரியல, வாழ்நாள்ல அதுக்கு வேல வந்ததே இல்லையே. ஒலிபெருக்கி கரகரன்னுச்சு. "பாப்பா அசையுது போலயே. என்னங்க உள்ள?" ரெஜினா சிஸ்டர் குரலு. அதுவே ஒரு வேடிக்க, ஆகாசத்துல இருந்து அசரீரி, அவ கண்ணோரத்துல தண்ணி பளபளங்குது. இப்ப அவ தளத்தப் பாக்கல. இவனத்தான் பாக்குறா. அந்தக் கண்ணு. அந்தக் கண்ணத்தான இத்தன மாசமாத் தேடுனான், கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி இருந்து பாக்குமே அந்தக் கண்ணு, ஏதாவது சொல்லேன்யா சொல்லேன்யான்னு கேக்கிற கண்ணு. ஒரே ஒரு வார்த்த போதும். நாக்கு நுனியிலயே இருக்கு. "மன்னிச்சுக்கங்க மொதலாளியம்மா, ஆடு உள்ள மாட்டிக்கிச்சு." சொன்னாப் போதும், அந்த விக்கலு வந்துரும், காது குளுரக் கேட்டுறலாம்.

வீரணன் எந்திரிச்சான். அவளப் பாக்காம, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கதவத் தள்ளித் தொறந்துக்கிட்டு வெளிய போயிட்டான்.

"யாரு உங்கள வெளிய வரச் சொன்னா? புள்ள தனியாக் கெடக்கு"ன்னு சிஸ்டர் மேசைய விட்டு எந்திரிச்சாங்க. "நான் உள்ள இருந்தா அது சிரிச்சிரும் சிஸ்டர்." "நீங்க என்ன பண்ணீங்க?" "நான் ஒண்ணும் பண்ணல. என் வயிறு பண்ணுச்சு." அதுவும் சாட்சிக்கு வந்த மாதிரி கொர்ருன்னுச்சு. சிஸ்டர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, அவுங்க தோளு ஆடுனத இவன் பாத்தான், அதுக்குக் கூட ஒரு சந்தோசமும் வரல. மேசையில சின்ன டிவி, அதுல ரூம்பு தெரியுது, மேல இருந்து பாக்கிற மாதிரி, கருப்பு வெள்ளையில, ஒரு கட்டில், ஒரு கம்பளி, ஒரு குல்லா, ஒரு காலிச் சேரு. கம்பளி ஆடுது. ஆடுது. கொஞ்சம் ஆடுது. நின்னுருச்சு. அவ தலைய அசைக்காம கண்ண மட்டும் திருப்பி அந்தக் காலிச் சேரப் பாக்குறா. ரொம்ப நேரம் பாத்தா. சேரத்தான் பாக்குறாளா, இல்ல கதவையா. வந்துருவாருன்னு பாக்குறாளா. அப்பா ஓடிட்டாருன்னு நெனச்சுக்கிட்டாளா. போச்சு, கையில வந்து ஒக்காந்த குருவிய ச்சூன்னு வெரட்டுன மாதிரி வெரட்டியாச்சு, இனி எப்ப வரும், வருமா, அது என்ன கடன்காரனா மறுபடி மறுபடி வாசலுக்கு வர்றதுக்கு. சிரிப்பாணியா இருந்த ஒரு நிமிசத்த வச்சுக்கிட்டு இனி எம்புட்டு நாளு ஓட்டணுமோ. இவன் டிவிப் பொட்டியில வெரல வச்சு அந்தக் குல்லாவ இழுத்துவிட்டான், காது வரைக்கும். கண்ணாடி சூடா இருந்துச்சு. "ஒக்காருங்கய்யா"ன்னாங்க சிஸ்டர். இந்தத் தடவ குரலு வேறயா இருந்துச்சு. இவன் ஒக்காரல.

நேரம் ஆச்சுன்னு சிஸ்டர் உள்ள போனாங்க. "இனி நடக்கலாம் பாப்பா, பாத்ரூம் போயிட்டு வந்துரு, பேச மட்டும் வேணாம், அந்த மிஷின்ல படுத்து எந்திரிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத." கதவு தொறந்துச்சு. இவனச் சுவத்தோரம் ஒதுங்கி நிக்கச் சொன்னாங்க, ஒதுங்கி நின்னான், ஆறடிக்கும் மேலயே. பாத்ரூம் போயிட்டு, கம்பளியப் போத்திக்கிட்டு வெளிய வந்தா. மிஷினு ரூம்பு நடைபாதைக் கடைசில இருக்கு. அவ இவனப் பாக்கல. நேராப் பாத்து நடந்தா. ரெண்டு எட்டு வச்சா, மூணாவது எட்டுல விந்துனா. விந்துறா. மருந்து ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே விந்துறது நின்னுருச்சே, நல்லாத்தான நடந்தா, நேத்து கூடப் படியேறுனாளே. "கால் வலிக்குதா பாப்பா?" சிஸ்டர் பதறிக் குனிஞ்சாங்க. அவ பதில் சொல்லல, பேசக் கூடாதுல்ல. விந்தி விந்தி நடக்குறா. கம்பளிக்குள்ள இருந்து எடது கை வெளிய வந்து இடுப்புல குத்துச்சு. வலது கையி கம்பளி முனையப் பிடிச்சு ஒரு சொழட்டு சொழட்டுச்சு. வீரணன் கண்ணு கீழ எறங்குச்சு, மூஞ்சியப் பாக்கல, கையப் பாக்கல, கடையில நிக்கிற கூட்டம் பாக்காதத, இவன் பாக்காதத, சோணமுத்து ஒருத்தரு மட்டும் பாத்ததப் பாத்தான். எந்தக் காலு. எந்தக் காலு. எடது காலு தரையில அழுத்தமா ஊனுது, முழுக் கனத்தையும் தாங்குது, முட்டி கூட நடுங்கல. மடங்கி மடங்கி வர்றது வலது காலு. மிஷினு ரூம்பு வாசல்ல நின்னா. திரும்புனா. பன்னு மாதிரி உப்புன மூஞ்சி, ஒதட்ட உள்ளுக்கு மடிச்சு இறுக்கிக்கிட்டு, நாடிய மட்டும் மேல தூக்கி ஒரு எத்து எத்துனா.

கதவு சாத்திக்கிச்சு. "கால் வலி ஏதும் இருக்காங்க புள்ளைக்கு? டாக்டருகிட்டச் சொல்லணும்"ன்னாங்க சிஸ்டர். வீரணன் துண்ட எடுத்து வாயில அடச்சுக்கிட்டு இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனான், ஆட்ட ஆட்ட கண்ணுல இருந்து தெறிக்குது. படம் சாயங்காலந்தான் வரும். அணஞ்சுச்சோ எரியுதோ, அது அந்த மிஷினுக்குத்தான் தெரியும், எடது காலு ஊனுனதுனால உள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லிற முடியாது, அதுவும் இவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் படியேறுனான். மேல பெஞ்சுல தவமணி வயித்தப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னா. வாயத் தொறந்தா அழுக வந்துரும், இவன் பேசல. எடது கைய இடுப்புல குத்துனான், துண்டச் சொழட்டுனான், ஆஸ்பத்திரி வராண்டாவுல அம்புட்டு சனத்துக்கும் நடுவுல விந்தி விந்தி அவள நோக்கி நடந்தான். அவளுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. "என்னய்யா, விந்துறாளா? மறுபடியுமா?" இவன் நிறுத்தல. அவ கண்ணு இவன் மூஞ்சிய விட்டு மெதுவாக் கீழ எறங்குச்சு, இடுப்புக்கு, முட்டிக்கு, பாதத்துக்கு, அங்கயே நின்னு ரெண்டு எட்டுப் பாத்துச்சு. முந்தானையெடுத்து வாயப் பொத்திக்கிட்டா. பொத்துன முந்தானைக்குள்ள இருந்து ஒரு விக்கல் வந்துச்சு, அப்பத்தான் வீரணனுக்குத் தெரிஞ்சுச்சு, அந்த விக்கலு மகளுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு.